தேய்ப்பதற்கு முன் அளந்து பாருங்கள்: .22 ரைபிள் குழலும் லேப்பிங்கும்

திருவனந்தபுரம் வட்டியூர்க்காவு சுடுதளத்தில் 50 மீட்டர் ரைபிள் போட்டிக்கு வருபவர் குறிபார்க்கும் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். ஒரு ரூபாய் நாணயத்தில் பாதி அகலம். அவர் சுடும் .22 குண்டின் விட்டம் ஏறக்குறைய 5.6 மில்லிமீட்டர். குண்டின் ஓரம் வளையத்தைத் தொட்டாலே பத்துதான் என்பதால், குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் 10.0 கிடைக்கும். அதற்கு மேல் தசமக் கணக்கு. 0.8 மில்லிமீட்டர் உள்ளே நெருங்கினால் ஒரு தசமம் கூடும், உச்சம் 10.9. படுத்துச் சுடும் போட்டியின் 60 ஷாட்டுகளையும் உச்சத்தில் வைத்தால் 654.

ஒரு தசமத்தில் பதக்கம் கைமாறும் ஆட்டம் இது. அதனால் புள்ளி குறையும்போது சந்தேகம் முதலில் தன் மூச்சின்மேல் போகும், பிறகு தோட்டாவின்மேல், கடைசியில் குழலின்மேல். குழலின்மேல் சந்தேகம் விழுந்ததும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "பேரலை ஒருதரம் லேப் பண்ணிப் பாருங்க."

2015 ஜனவரி 31 முதல் பிப்ரவரி 14 வரை கேரளத்தில் நடந்த 35-வது தேசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டித்தான் வட்டியூர்க்காவு தளம் நாடறிந்தது. 2022-ன் இறுதியில் 65-வது தேசிய துப்பாக்கி சுடுதல் சாம்பியன்ஷிப்பின் ரைபிள் பிரிவுகளும் இந்த நகரத்தில்தான் நடந்தன. 2024-ல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் 451.4 புள்ளிகளோடு வெண்கலம் வென்ற பிறகு, அந்தப் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது என்பதால், .22 ரைபிளைப் பற்றிய பேச்சு நம் ஊர்க் கிளப்புகளிலும் கூடியிருக்கிறது. லேப்பிங் என்பது உண்மையில் என்ன, அது துல்லியத்தைக் கூட்டுமா, கூட்டினால் யார் கையில், எந்தக் கட்டத்தில் என்ற கேள்விகளை முழுதாகப் பார்க்க இது நல்ல நேரம்.

என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். லேப்பிங் மெய்யான வித்தை. ஆனால் அது குழல் செய்பவரின் வித்தை. செய்து முடித்த ரைபிளில் அதைக் கையிலெடுக்க வேண்டிய தேவை மிக அரிது. எடுப்பவர் பெரும்பாலும் நோய் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் மருந்து தடவுகிறார்.

ஈயக் குண்டின் குணம்

ரிம்ஃபயர் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து, பித்தளைக் கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே சுற்றிப் பரவியிருக்கும். சுத்தி அந்த விளிம்பை நசுக்கினால் தீப்பற்றும். 1857-ல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கொண்டுவந்த .22 ஷார்ட் இந்த வம்சத்தின் மூத்த பிள்ளைகளில் ஒன்று. இன்று உலகமெங்கும் போட்டிகளில் சுடப்படும் .22 லாங் ரைபிள், 1887-ல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் உருவாக்கியது. 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம் ஈயக் குண்டு. செம்பு உறை கிடையாது, மெழுகோ கிரீஸோ மேலே பூசியிருக்கும். குண்டின் பின்பகுதி சற்றே மெலிந்து கூட்டுக்குள் செருகியிருக்கும். முன்பகுதியின் விட்டமும் கூட்டின் விட்டமும் ஒன்றே.

பெரிய ரைபிள்களோடு இதை ஒப்பிட்டால் இரண்டு வேறுபாடுகள் முக்கியம். முதலாவது, ஈயம் மெத்தென்றது. குழலில் ஓரிடம் இறுக்கமாக இருந்தால் குண்டு அங்கே நெரிந்து மெலியும். அதை அடுத்து அகலமான இடம் வந்தால் குண்டு திரும்ப விரியாது. இடுக்கு வழியே வாயு முந்திக்கொண்டு ஓடும், குண்டின் அடியை அரிக்கும், குண்டு குழலின் சுருள் காடிகளில் சரியாகப் பிடிமானம் இல்லாமல் குழல் வாய்க்கு வரும். இரண்டாவது, மருந்து மிகக் குறைவு. குழலின் முதல் நாற்பது சென்டிமீட்டருக்குள் அது தன் வேலையை ஏறத்தாழ முடித்துவிடும். 66 சென்டிமீட்டர் போட்டிக் குழலின் கடைசிப் பகுதியைக் குண்டு குறைந்த அழுத்தத்தில், உராய்வை எதிர்த்துக் கடக்கிறது. அந்தக் கடைசிப் பகுதி தளர்ந்திருந்தால் குண்டு வாயை விட்டுப் பிரியும் கணத்தில் சற்றே சாய்ந்து கிளம்பும். அங்கே சிறு சாய்வு என்றால் 50 மீட்டரில் அது எத்தனை பெரிதாகும் என்பதைச் சுடுபவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ரிம்ஃபயர் குழல் செய்பவர்கள் உள்விட்டம் வாயை நோக்கி மிக மெல்லக் குறுக வேண்டும், குறைந்தது எங்கும் அகலாமல் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பது இதனால்தான். ஈயக் குண்டுக் காலத்தின் பேர்போன குழல் கைவினைஞரான அமெரிக்கர் ஹாரி போப் (1861–1950) தன் குழல்களை வாய்ப்பக்கம் இறுக்கமாகவே முடித்தார்.

குழல் எப்படிப் பிறக்கிறது

உருளை இரும்பில் நீளத் துளை போட்டு, ரீமரால் அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு உள்ளே சுருள் காடிகள் இடுவார்கள். .22-க்கு ஏறக்குறைய 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டு வினாடிக்கு 325 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், அந்தச் சுருள் அதை வினாடிக்கு எண்ணூறு சுற்று சுழலவிடுகிறது. காடி இடுவதற்கு மூன்று வழிகள் பரவலானவை. கத்திபோன்ற வெட்டியால் ஒவ்வொரு காடியாக இழைத்தெடுப்பது ஒன்று. டங்ஸ்டன் கார்பைடு பொத்தானைத் துளைக்குள் தள்ளியோ இழுத்தோ உலோகத்தை அமுக்கிக் காடி பதிப்பது இரண்டாவது. அச்சு ஒன்றை உள்ளே வைத்து வெளியிலிருந்து சம்மட்டிகளால் குளிர்நிலையில் அடித்து வடிவேற்றுவது மூன்றாவது.

மூன்றிலும் தழும்பு மிஞ்சும். ரீமர் விட்டுப்போன கோடுகள் குண்டு போகும் திசைக்குக் குறுக்கே கிடக்கும். ஈயம் அவற்றில் உரசி ஒட்டும். பொத்தான் முறையில் இன்னொரு சிக்கல். அமுக்கப்பட்ட உலோகத்துக்குள் இறுக்கம் தங்கிவிடுகிறது. குழலின் வெளிப்புறத்தை வாய்ப்பக்கம் மெலிதாகக் கடைசல் செய்யும்போது அந்த இறுக்கம் விடுபட்டு உள்விட்டம் விரியும். மெலிந்த பக்கம்தான் அதிகம் விரியும். அதாவது ரிம்ஃபயருக்கு எது கூடாதோ, சரியாக அது நடக்கும். சூடேற்றி இறுக்கத்தைத் தளர்த்தும் வேலையைத் தயாரிப்பாளர்கள் கடைசலுக்கு முன் செய்வதும், அதற்குப் பிறகும் லேப்பிங் செய்து உள்விட்டத்தைச் சீர்செய்வதும் இதற்காகத்தான்.

லேப்பிங் நடக்கும் விதம்

நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இது அந்நியமான சொல்லே கிடையாது. என்ஜின் வால்வும் அதன் இருக்கையும் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார, இடையே கார்போரண்டம் பேஸ்ட் தடவி உருட்டி உருட்டித் தேய்ப்பார்கள். அதுவும் லேப்பிங்தான். அந்தப் பேஸ்ட்டில் உள்ள சிலிக்கன் கார்பைடு கேரளத்திலேயே, முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் ஆலையில் தயாராகிறது.

குழல் விஷயத்தில் வால்வுக்குப் பதில் ஈயக்கட்டி. குழலுக்குள் ஒரு கம்பியை விட்டு, அதன் நுனி வாய்க்குச் சற்று உள்ளே நிற்கும்படி வைத்து, கீழிருந்து துணி கட்டி அடைத்து, உருக்கிய ஈயத்தை மேலிருந்து ஊற்றுவார்கள். ஆறியதும் அந்தக் குழலின் ஒவ்வொரு காடியும் மேடும் அச்சாக விழுந்த ஈயக்கட்டி கம்பியோடு கிடைக்கும். இன்னொரு குழலில் அது பொருந்தாது. அதன்மேல் எண்ணெயில் குழைத்த தேய்ப்புத் தூள் தடவி, குழலுக்குள் முன்னும் பின்னும் நடத்துவார்கள். கம்பியின் கைப்பிடியில் பேரிங் இருக்கும். கட்டி காடியின் சுருளோடு தானாகத் திரும்பிக்கொண்டே போகும். தேர்ந்த கை எங்கே இறுக்கம், எங்கே தளர்வு என்பதை அந்தக் கம்பியின் வழியாகவே படித்துவிடும். இறுக்கமான இடத்தில் குறுகிய ஓட்டமாகப் பலமுறை, தளர்ந்த இடத்தைத் தொடாமல் தாண்டி. பின்பக்கத்தில் கூடுதல் ஓட்டம், வாய்ப்பக்கத்தில் குறைவு. அப்படித்தான் வாயை நோக்கிய அந்த மெல்லிய குறுகல் பிறக்கிறது. எடுபடும் உலோகம் சில மைக்ரான்கள். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. கட்டி இரு முனைகளிலும் வெளியே எட்டிப் பார்த்துத் திரும்பும்போது முனைகள் கூடுதலாகத் தேய்ந்து விரிந்துவிடும். எவ்வளவு தேர்ந்தவர் செய்தாலும் இது நடக்கும். குழல் செய்பவர் அதற்கென்றே சில சென்டிமீட்டர் நீளம் கூட வைத்துக்கொண்டு, லேப்பிங் முடிந்தபின் இரு முனைகளையும் வெட்டித் தள்ளுகிறார். அதற்குப் பிறகுதான் தோட்டா உட்காரும் அறையையும், வாயின் விளிம்பையும் வெட்டுகிறார். செய்து முடித்த ரைபிளில் வெட்டித் தள்ள நீளம் ஏது? விரிந்த வாய் விரிந்ததுதான். காடிகள் தொடங்கும் தொண்டை தேய்ந்தால் தேய்ந்ததுதான். சொந்த ரைபிளை வீட்டில் லேப் செய்யலாமா என்ற கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி இந்த ஒரு விவரத்திலேயே அடங்கியிருக்கிறது.

சுட்டே தேய்ப்பது

ஈயக்கட்டியும் கம்பியும் வேண்டாம், தேய்ப்புத் தூள் பதித்த குண்டுகளைச் சுட்டாலே போதும் என்கிற வழியும் உண்டு. அமெரிக்காவில் பெரிய ரைபிள்களுக்கு இது முதலில் வந்தது. நீண்டதூரச் சாம்பியன் டேவிட் டப் இதற்கான குண்டுத் தொகுப்புகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். இதன் ஆதரவாளர்கள் சொல்லும் நியாயத்தில் சாரம் இருக்கிறது. தூள் கூர்மையாக இருக்கும் தொடக்கத்தில் அதிகம் அரித்து, போகப்போக மழுங்குவதால், குழல் பின்னே அகன்று வாயை நோக்கிக் குறுகும். கரடுமுரடான மலிவுக் குழல்களில் ஈயம் ஒட்டுவது குறைந்து சுத்தம் செய்வது எளிதானதாகப் பலர் சொல்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் தொடக்கத்தில் அதிகம் அரிக்கிறது என்றால் எதை அரிக்கிறது? அறையின் முன்னால், காடிகள் தொடங்கும் தொண்டையை. .22 போட்டி ரைபிளின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நல்ல போட்டி அறையில் தோட்டாவை ஏற்றிப் பூட்டிவிட்டு, சுடாமல் மெல்ல வெளியே எடுத்துப் பார்த்தால் குண்டின் தோளில் காடி மேடுகளின் நுண்ணிய கீறல்கள் சுற்றிலும் சமமாகப் பதிந்திருக்கும். குண்டு சுடப்படுவதற்கு முன்பே குழலின் அச்சோடு நேராக நிற்கிறது என்பதற்கு அந்தக் கீறல்கள்தான் சாட்சி. தூள் குண்டுகள் முதலில் தின்பது இந்த மேடுகளின் நுனியை. அதன்பின் குண்டு சிறு தூரம் பிடிமானமின்றித் தாவி நுழையும்.

ரிம்ஃபயர் தோட்டாவைக் கையால் திரும்ப நிரப்ப முடியாது என்பதால், கடையில் வாங்கிய தோட்டாவின் குண்டைத் தூளில் உருட்டிச் சுடுவாரும் உண்டு. இதை மட்டும் ஒளிவுமறைவின்றி எதிர்க்கிறேன். தூள் குண்டோடு நிற்பதில்லை. அறைக்குள்ளும் போல்ட்டின் உரசு பரப்புகளுக்குள்ளும் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். லட்சக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள ஆன்ஷுட்ஸ் ரைபிளையோ வால்தர் ரைபிளையோ அதற்குத் தரக்கூடாது.

மினுமினுப்பு ஒரு மயக்கம்

கண்ணாடிபோல் மின்னும் குழல்தான் சிறந்த குழல் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கையால் லேப் செய்யும் தயாரிப்பாளர்கள் பலர் அந்த அளவுக்குப் போவதற்கு முன்பே நிறுத்துகிறார்கள். குண்டின்மேலுள்ள மெழுகு படிந்து தங்க மேற்பரப்பில் மிக நுண்ணிய சொரசொரப்பு தேவை. அதிலும் தேய்ப்புக் கோடுகள் குண்டு ஓடும் திசையிலேயே கிடக்க வேண்டும். போட்டி வீரர் தோட்டா லாட்டை (ஒரே சேரத் தயாரான தொகுதியை) மாற்றினால், முதல் சில ஷாட்டுகள் சிதறி, பழைய மெழுகு போய்ப் புதிய மெழுகு படிந்தபின் குரூப் (ஷாட்டுகள் விழுந்த பரப்பின் அகலம்) ஒடுங்குவதைத் தானே கண்டிருப்பார். மினுக்கி மினுக்கி அந்தப் படிமானத்துக்கு இடமில்லாமல் செய்வதில் பயன் இல்லை.

துல்லியத்துக்கு வேண்டியது வழவழப்பைவிடச் சீர்மை. நல்ல தயாரிப்பாளர்கள் உள்விட்ட ஏற்ற இறக்கத்தைச் சில மைக்ரான்களுக்குள் பிடிக்கிறார்கள். காற்றழுத்த அளவி கொண்டு குழல் நெடுகிலும் சோதிக்கிறார்கள். சுடுதளம் இருக்கும் அதே வட்டியூர்க்காவில்தான் இஸ்ரோவின் இனர்ஷியல் சிஸ்டம்ஸ் யூனிட்டும் இருக்கிறது. ராக்கெட்டுக்கும் செயற்கைக்கோளுக்கும் திசை உணர்த்தும் கைரோக்கள் உருவாகும் இடம். மைக்ரானை அளக்கத் தெரிந்த பொறியாளர்களும் கருவிக் கைவினைஞர்களும் நிறைந்த நகரம் இது. அளக்காமல் தேய்ப்பது இந்த ஊருக்குப் பொருந்தாது.

சுடுபவரே செய்யக்கூடிய அளவீடு ஒன்று எளிதானது. துப்பாக்கி காலி என்பதை இருமுறை உறுதிசெய்து, போல்ட்டைக் கழற்றிவிட்டு, எண்ணெயிட்ட மெத்தென்ற ஈய உருண்டையைப் பின்பக்கமிருந்து கம்பியால் சீராகத் தள்ள வேண்டும். நல்ல குழலில் தொடக்கத்தில் இறுக்கம், பிறகு ஒரே சீரான தடை, வாயை நெருங்கும்போது சற்றே கூடும். நடுவில் திடுமென வழுக்கினால் அங்கே தளர்வு. வாயில் விட்டுப்போனதுபோல் ஓடினால் வாய் விரிந்திருக்கிறது. அந்தக் கடைசி நோய்க்கு லேப்பிங் மருந்தாகாது. குழலைச் சிறிது வெட்டி வாயைப் புதிதாக அமைப்பதுதான் வழி. தேய்ப்பதால் உலோகம் போகுமே தவிர வராது.

குற்றவாளி வேறெங்கோ

குழல் கெட்டுவிட்டது என்று கருதப்படும் .22 ரைபிள்களில் அடிக்கடி காணப்படும் கோளாறுகள் மூன்று.

முதலாவது, அறையின் முன்னால் வளையமாக இறுகிப் படியும் கரி. சாதாரணச் சுத்தத்தில் இது போகாது. ஊறவைத்து, வெண்கலத் தூரிகையால் பொறுமையாக எடுக்க வேண்டும். போரோஸ்கோப் எனப்படும் உட்பார்வைக் கருவி இன்று மலிவாகவே கிடைக்கிறது. அதை விட்டுப் பார்த்தால் கரி வளையம் கறுத்துத் தெரியும். அதை நீக்கியதுமே குரூப் பழைய அளவுக்குத் திரும்புவது புதிய செய்தி அல்ல. பல ரிம்ஃபயர் பற்றவைப்புக் கலவைகளில் பொடித்த கண்ணாடி கலந்திருக்கும். சுத்தக்கம்பி அதை இழுத்துக்கொண்டு ஓடினால் அதுவே வேண்டாத லேப்பிங்தான். கம்பியை ஒவ்வொரு முறையும் துடைப்பது வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, வாயின் விளிம்பு. குண்டு குழலை விட்டுப் பிரியும் கடைசி இடம். அதில் ஒரு பக்கம் நசுங்கினாலும், வாயு அந்தப் பக்கம் முதலில் பீறிட்டுக் குண்டை உதைக்கும். என்.சி.சி.யில் .22 ரைபிள் சுத்தம் செய்தவர்களுக்குப் புல்-த்ரூ கயிறும் அதில் மடித்துச் செருகும் துணித் துண்டும் நினைவிருக்கும். கயிற்றை நேராக இழுக்காமல் சாய்த்து இழுத்தால் அது வாயின் ஓரத்தை அறுக்கும். எத்தனையோ மாணவர் தலைமுறைகள் இழுத்த பழைய .22 ரைபிள்களின் வாயில் அந்தத் தேய்மானத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். போட்டி ரைபிளை ஒற்றைக் கம்பியால், பின்பக்கத்திலிருந்து, கம்பி ஆடாதபடி வழிகாட்டி வைத்துச் சுத்தம் செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

மூன்றாவது, துரு. திருவனந்தபுரம் கடலோர நகரம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நனைக்கும் ஊர். ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுத்த ரைபிளின் குளிர்ந்த இரும்பில் சில நிமிடங்களில் ஈரம் பூக்கும். ஸ்டெயின்லெஸ் குழலுக்குக்கூட முழுப் பாதுகாப்பு இல்லை. குரோம்-மாலிப்டினம் எஃகுக்கு நிச்சயமாக இல்லை. 1920-களின் இறுதி வரை பெரும்பாலான .22 தோட்டாக்களின் பற்றவைப்புக் கலவையிலேயே குளோரேட் உப்பு இருந்தது. சுட்ட அன்றைக்கே கழுவாவிட்டால் குழல் அரித்துவிடும். அந்தக் காலத்தில் அரித்த குழல்களைத் தேய்த்துச் சீர்செய்ய முயன்றார்கள். தேய்த்தும் தேறாதவற்றுக்குப் பர்மிங்காமின் பார்க்கர் நிறுவனம் உள்ளே புதிய மெல்லிய குழாயையே பொருத்தித் தந்தது. ஆழமாகக் குழி விழுந்த குழலைத் தேய்த்து மீட்க முடியாது என்பது அன்றே தெரிந்த பாடம். இன்றைய தோட்டாக்கள் அப்படி அரிப்பதில்லை. ஆனால் உப்புக் காற்று அதே உப்புக் காற்றுதான். பயிற்சி முடிந்ததும் எண்ணெய் தடவிய துணியை ஒருதரம் ஓட்டுவதும், உறைக்குள் பூட்டிவைக்காமல் ஈரமுறிஞ்சி வைத்த அலமாரியில் வைப்பதும் லேப்பிங்கைவிட நூறு மடங்கு துல்லியத்தைக் காக்கும்.

தோட்டாவின் கணக்கு

இனி எண்களுக்கு வருவோம். .22 போட்டிக் குண்டு 50 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.16 வினாடி எடுக்கிறது. அதற்குள் புவியீர்ப்பில் சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர் இறங்குகிறது. வேகம் ஒரு விழுக்காடு குறைந்தால், அதாவது வினாடிக்கு 3 மீட்டர் சொச்சம் குறைந்தால், இறக்கம் இரண்டரை மில்லிமீட்டர் கூடும். தசமக் கணக்கில் அது மூன்று தசமம். ஒரே பெட்டிக்குள் இருக்கும் தோட்டாக்களிடையே அவ்வளவு வேறுபாடு சாதாரணப் பயிற்சித் தோட்டாக்களில் தாராளமாக இருக்கும். எவ்வளவு நேர்த்தியாக லேப் செய்த குழலும் இதைத் திருத்தாது.

அதனால்தான் உலகின் முன்னணி வீரர்கள் குழலைத் தேய்ப்பதைவிட லாட் தேர்வில் காசையும் நாட்களையும் செலவிடுகிறார்கள். எலி டெனெக்ஸ் தோட்டாவோ, லபுவா தோட்டாவோ, ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்50 தோட்டாவோ, ஒரே பெயரில் வந்தாலும் ஒவ்வொரு லாட்டும் ஒவ்வொரு குழலிலும் வேறுமாதிரி நடக்கும். இங்கிலாந்தில் எலியும் ஜெர்மனியின் ஷோனெபெக்கில் லபுவாவும் சோதனைத் தளங்களே நடத்துகின்றன. வீரர் தன் ரைபிளோடு போனால், குழலை அசையாத பிடியில் பூட்டி, லாட் லாட்டாகச் சுட்டு, எது ஒடுங்குகிறதோ அதை வாங்கி வரலாம். மனிதக் கை அங்கே குறுக்கே வருவதில்லை. குழலின் குறை எது, தோட்டாவின் குறை எது, சுடுபவரின் குறை எது என்பது அங்கேதான் பிரிகிறது.

இந்தப் பிரிப்பு இல்லாமல் லேப்பிங் "பலன் தந்தது" என்று சொல்பவர்களின் சான்று பெரும்பாலும் ஐந்து ஷாட் குரூப் இரண்டு மூன்று. புள்ளியியல் இதற்கு இடம் தருவதில்லை. ஒரே ரைபிள், ஒரே லாட், ஒரே பிடி என்றாலும் ஐந்து ஷாட் குரூப்பின் அகலம் சராசரியிலிருந்து கால்பங்குக்கு மேல் இயல்பாகவே விலகிக்கொண்டிருக்கும். சராசரி 12 மில்லிமீட்டர் என்றால் ஒருமுறை 9, அடுத்தமுறை 16 என்று வருவதில் வியப்பில்லை. தேய்ப்பதற்கு முன் 16, தேய்த்தபின் 9 என்று அந்த வரிசையில் வந்துவிட்டால், தேய்த்தவர் ஊரெல்லாம் சொல்லுவார். வரிசை மாறி வந்தவர் வாய்திறப்பதில்லை. பத்து விழுக்காடு முன்னேற்றத்தை நம்பிக்கையோடு சொல்ல வேண்டுமானால் முன்னும் பின்னும் ஐம்பதுக்கு மேற்பட்ட குரூப்கள் வேண்டும். கால்பங்கு முன்னேற்றம் என்றாலும் பதினைந்து, இருபது குரூப்கள். அப்படிச் சுட்டுப் பார்த்துச் சொன்னவர் யாராக இருந்தாலும் அவர் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கலாம்.

எப்போது சரி

அப்படியானால் முடிந்த ரைபிளில் லேப்பிங்குக்கு இடமே இல்லையா? குறுகிய இடம் உண்டு. கரடான மலிவுக் குழல், சுத்தம் செய்து, பல லாட் சோதித்து, வாயைச் சரிபார்த்து, அதன் பின்னும் சில பத்து ஷாட்டுகளிலேயே ஈயம் ஒட்டிச் சிதறுகிறது என்றால், இழக்க அதிகம் இல்லாததால் கையால் மெல்லிய லேப்பிங் செய்து பார்ப்பதில் நியாயம் உண்டு. நடுக்குழலில் தனியொரு இறுக்கம் இருப்பது அளந்து உறுதியானாலும் அப்படியே. நல்ல நிறுவனத்தின் போட்டிக் குழலுக்கு இது பொருந்தாது. பழுதானால் குழலையே மாற்றுவதுதான் அதற்கு முறை. ஈயக் குண்டு மிக மெல்ல அரிப்பதால் ஒரு .22 போட்டிக் குழல் லட்சத்துக்கும் மேற்பட்ட ஷாட்டுகள் தாங்குவது இயல்பு.

நம் நாட்டில் இன்னொரு வரம்பும் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவின்படி, துப்பாக்கியைத் தயாரிப்பதற்கும் விற்பதற்கும் போலவே தொழிலாகப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். வால்வு லேப் செய்யும் கைராசிக்காரரானாலும், ரைபிளை அவர் பட்டறையில் கொடுத்துவிட்டு வரக்கூடாது. உரிமம் பெற்றவரிடம், எழுத்தில் கொடுத்து, எழுத்தில் வாங்க வேண்டும். சுத்தம் செய்தாலும் தேய்த்தாலும் ஈயப் பொடி கையில் ஒட்டும். சோப்பு போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக்கூடாது.

கேரள, தமிழகக் கிளப்புகளிடமும் வட்டியூர்க்காவு தளத்தை நிர்வகிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். குழலை அசையாமல் பிடிக்கும் சோதனைப் பிடி ஒன்றை ஒரு தடத்தில் நிரந்தரமாக நிறுவுங்கள். பக்கத்தில் ஒரு போரோஸ்கோப்பும், ஒவ்வொரு ரைபிளுக்கும் லாட் எண், ஷாட் எண்ணிக்கை, குரூப் அளவு எழுதும் பதிவேடும் வையுங்கள். ஜெர்மனிக்குப் போக வசதியில்லாத நம் பிள்ளைகள் தங்கள் ரைபிளின் உண்மை நிலையை இங்கேயே தெரிந்துகொள்ளட்டும். அந்தப் பதிவேட்டில் ஐம்பது குரூப்களின் கணக்கு ஏறும்வரை யாரும் எந்தக் குழலுக்குள்ளும் தேய்ப்புத் தூளை விடவேண்டாம்.